இடது பாதத்துக்கு ஏழு டிகிரி

ஏப்ரல் 8, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரப்பர் வளையம் நைந்திருந்ததால் திருப்பி அனுப்பினேன். அடுத்துக் கொண்டுவந்ததைச் சோப்புத் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அந்த ஆள் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

பதினொரு மணிக்கு வான்மதி வந்தாள். அரையாண்டுச் சோதனை. ஆறு வயதில் பால்வண்டி மோதி இடது காலை முட்டிக்குக் கீழே இழந்தவள். இப்போது முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் செயற்கைக்கால் பிரிவை நான் நடத்திய காலம் தொடங்கி இதுவரை அவளுக்குப் பதினொரு கால்கள் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது. அதன் பிறகும் என் வீட்டுக் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திருச்சி ரோட்டில் தண்டபாணி நடத்தும் இடத்துக்குப் போய்விட்டார்கள். தண்டபாணி என்னிடம் பதினான்கு வருடம் உதவியாளனாக இருந்து, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போனவன். எனக்கு மிச்சம் வான்மதி ஒருத்திதான். ஒருத்தி போதும்.

காலைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்பது வருடமான கால் என்று யாரும் சொல்ல முடியாது. மீதிக் கால் இறங்கும் கிண்ணத்தில் ஒரு கீறல் இல்லை. தொடையில் கட்டும் தோல்வார் புதிது போல் விறைப்பாக இருக்கிறது. பொருளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலேயே அவளுக்குச் சொல்லிவைத்தது வீண்போகவில்லை. லேசாகப் பாச்சை உருண்டை வாசனை. பட்டுப்புடவை இருக்கும் வீட்டில் எல்லாவற்றிலும் அது ஏறிவிடும்.

காலைத் திரும்ப மாட்டிக்கொண்டதும் தயங்கினாள்.

“மிஸ், ஒண்ணு கேட்டா வைய மாட்டீங்களே?”

“கேள்வியைப் பொறுத்தது.”

அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சி வளாகத்தில் நூலகத்துக்குப் புதிய கட்டடம் கட்டியிருக்கிறார்கள். ஜூன் மூன்றாம் தேதி திறப்பு. பழையதற்கும் புதியதற்கும் ஒன்றே கால் கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஆறு தடவை போய்வர வேண்டும். வளாகத்துக்குள் ஸ்கூட்டர் விடமாட்டார்களாம். சைக்கிள் மிதிக்க அவளுக்கு வராது.

“முடியலைன்னா சத்தியமங்கலம் கிளைக்கு மாத்திருவோம்னுட்டாங்க மிஸ். அங்க ஒரு ரூம்பு, ஒரு ஃபேனு, நாலு பீரோ. படுத்த படுக்கையா இருக்கற அம்மாவ உட்டுட்டு எப்படிங்க போறது? உக்காந்து ஓட்டற பேட்டரி வண்டி தரோம்ங்கறாங்க. எனக்கு நின்னுக்கிட்டே போகோணுமுங்க.”

அவள் கேட்டது கரண்டில் ஓடும் ஒரு நீளப் பலகை. லாங்போர்டு என்கிறார்கள். நாலு சக்கரம், அடியில் மோட்டார், பேட்டரி, கையில் ரிமோட். கல்லூரிப் பிள்ளைகளின் பலகையில் ஒரு வருடமாக ஓட்டிப் பழகியிருக்கிறாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைப் பலகை எதிலும் இடது பாதம் நிற்பதில்லை, வழுக்குகிறது என்றாள். வழுக்காமல் என்ன செய்யும்? செயற்கைப் பாதத்துக்குப் பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

“சக்கரம், மோட்டாரு எல்லாம் வாங்கிட்டனுங்க. பலகை மட்டும் நீங்க செஞ்சு தரோணும்.”

“நான் ஆசாரி இல்லை.”

“எனக்கு அது பலகை இல்லீங்க மிஸ். இன்னொரு கால்.”

முகஸ்துதி எனக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்தை எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் பழுப்புத்தாளை விரித்து, முழு அளவில் வரையத் தொடங்கினேன். நீளம் முப்பத்தெட்டு அங்குலம். அகலம் ஒன்பதரை. இரண்டு பக்கமும் விளிம்பு சற்று உயர்ந்து, நடுவே முதுகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். ஆள் ஏறி நின்றால் அந்த வளைவு படிந்து மட்டமாகும். ஆகவே பலகையை ஆளின் எடைக்குத்தான் செய்ய முடியும். கடையில் விற்பது யாருக்கும் பொருந்தாததன் காரணம் இதுதான்.

இடது பாதம் முன்னால். ஷூவின் வெளிவிளிம்பு போய் உட்கார அங்கே ஒரு மேடு. பாதம் எந்தக் கோணத்தில் வெளியே திரும்பி நிற்கிறதோ அதே கோணத்தில் மேடு. கணுக்கால் செய்ய வேண்டிய வேலையைப் பலகை செய்யும்.

சக்கரத்தைத் தாங்கும் தண்டுக்கு ‘டிரக்’ என்று பேராம். லாரிக்கு வைத்த பெயரை உள்ளங்கை அகல இரும்புக்கு வைத்திருக்கிறார்கள்.

பென்சிலைப் பதினெட்டு முறை சீவினேன். கான்வென்ட்டில் எங்களுக்குப் படம் வரையக் கற்றுத்தந்த மதர் ஒத்திலியா, மழுங்கிய பென்சிலோடு வருகிறவளை வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்.

ஏப்ரல் 12, வெள்ளி

வான்மதியை வரவழைத்து அளவெடுத்தேன். கால், ஷூ எல்லாம் போட்டபடி எடை 58.6. இடது பாதம் வெளியே திரும்பும் கோணம் ஏழு டிகிரி. ஒன்பது வருடத்துக்கு முன் நான் வைத்த அதே ஏழு. அசையவில்லை.

ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். இடது அடிப்பாகம் முன்பக்கத்து உள்விளிம்பில் தேய்ந்திருக்கிறது. ஏழு டிகிரியில் நடக்கிறவளுக்குக் குதிகாலின் வெளிவிளிம்புதான் தேய வேண்டும். மட்டமான ரப்பர். “ஷூ சரியில்லை, வேறே வாங்கு” என்றேன்.

“சரிங்க மிஸ்” என்று உடனே சொன்னாள்.

திருகுகளை இறுக்கிவைக்கக் கால் எனக்கு இரண்டு நாள் வேண்டும் என்றேன். முன்பெல்லாம் காலை விட்டுப்போவதென்றால் யாராக இருந்தாலும் அழாத குறையாகக் கெஞ்சுவார்கள், சாயங்காலத்துக்குள் தந்துவிடச் சொல்வார்கள். வான்மதி, “ஒரு வாரம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க மிஸ்” என்றாள். ஆட்டோவில் ஊன்றுகோலும் கொண்டுவந்திருந்தாள். எவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒருத்தி தன் ஒரே காலை இப்படி விட்டுப்போவாள்!

ஏப்ரல் 14, ஞாயிறு

பக்கத்து வீட்டிலிருந்து வருடப்பிறப்புப் பாயசம். சர்க்கரை அதிகம்.

ஏப்ரல் 25, வியாழன்

பத்து நாளாகப் பிளாஸ்டரில் அச்சு செய்தேன். பிளாஸ்டர் நான் சொன்னதைக் கேட்கும். முதல் பலகை மட்டும் கேட்கவில்லை. ஏழு மூங்கில் தகடுகள், மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணி, நடுவே ரெசின் பசை, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பம்ப்பால் காற்றை உறிஞ்சினேன். கால் செய்வதும் இப்படித்தான். ஆனால் காலை எட்டு மணிக்கே இந்த வெயிலில் ரெசின் பாதி வேலையில் இறுகிவிட்டது. நடுவில் கொப்புளம். உடைத்துப் போட்டேன்.

என் கணவர் இருந்திருந்தால் வாசலில் நின்று சிரித்திருப்பார். “உனக்கு நோயாளிகளே கிடையாது பியாட்ரிஸ், எல்லாரும் மாணவர்கள்தான்” என்பார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மே 2, வியாழன்

விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஐந்து நாற்பதுக்குப் பம்ப்பைப் போட்டேன். பிரித்தால் ஒரு குமிழி இல்லை. தட்டினால் கண்டாமணி போல் ஒரே சத்தம்.

மே 6, திங்கள்

ஜிக்சா ரம்பத்தால் ஓரம் வெட்டி, மூன்று நம்பர் உப்புத்தாளால் தேய்த்து முடித்தேன். இரண்டு செங்கல்லின் மேல் பலகையை வைத்து, அறுபது கிலோ அரிசியை ஏற்றி, நூல் பிடித்து அளந்தேன். பதினோரு மில்லிமீட்டர் தாழ வேண்டும் என்று கணக்கு. பதினொன்றுதான் தாழ்ந்தது. அரிசி கொடுத்த கடைக்காரர், “வீட்ல விசேஷமுங்களா?” என்றார். ஆம் என்றேன்.

மே 11, சனி

எங்கள் தெருவில் சோதனை ஓட்டம். சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். தலைக்கவசம், முழங்கை உறை இல்லாமல் ஏறக் கூடாது என்றேன். வான்மதி ஏறினாள். இடது ஷூ மேட்டில் போய்ச் சாவி பூட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது. கோட்டின் முடிவுவரை போய், திரும்பி, என் முன்னால் நின்றாள். சிரித்தாள். ஆறு வயதில் முதல் காலைப் போட்டு ஐந்தடி நடந்தபோதுகூட அவள் சிரிக்கவில்லை.

எதிர் வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். “என்னங்க மேடம், ரோட்டுல சர்க்கஸா?”

“ஆமாம். டிக்கெட் இல்லாமல் பார்க்கிறீர்கள்” என்றேன்.

ஒரே ஒரு குறை. மூன்று சுற்று முடிந்ததும் அவள் திண்டாடிப்போய் ஆட்டோவுக்குள் உட்கார்ந்துவிட்டாள். முகம் வியர்த்திருந்தது. வெயில்.

மே 12, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் தாலந்துகளைப் பற்றி, கடவுள் தந்த திறமையை மண்ணில் புதைத்து வைப்பது பற்றி. புதைத்து வைக்காதவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன். தற்பெருமை பாவம் என்பது தெரியும். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 3, திங்கள்

இன்று திறப்பு. காலை முதல் போன் பக்கத்திலேயே இருந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன். மூன்றரை மணிக்கு வளாகத்திலிருந்து யாரோ ஒரு பெண் பேசினாள். புதிய கட்டடத்தின் வளைவில் வான்மதி பலகையோடு விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் விரிசல். தலைக்கு ஒன்றும் இல்லை.

பதினோரு மில்லிமீட்டர். ஏழு டிகிரி. எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போட்டுவிட்டேன். பிழை இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வான்மதி கையில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கால் சாய்த்து வைத்திருந்தது. கறுப்பு. கார்பன் இழை. வில் போல் வளைந்த பாதம், அதன் மேல் அவளுடைய ஷூ. தோல்வார் இல்லை.

பக்கத்துக் கட்டில்காரியுடையது என்று நினைத்து அந்தக் கட்டிலைப் பார்த்தேன். அங்கே ஒரு கிழவி, இரண்டு காலோடு.

நாற்காலியில் உட்கார்ந்து காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் கால் அல்ல. கிண்ணத்தின் விளிம்பைப் பின்பக்கம் இப்படிக் கவிழ்த்து மடிக்க உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவன் திருச்சி ரோட்டில் இருக்கிறான். ஷூவைத் திருப்பினேன். முன்பக்கம், உள்விளிம்பு. தேய வேண்டிய இடத்தில்தான் தேய்ந்திருந்தது.

அவள் கண் விழித்தாள். என் மடியைப் பார்த்தாள்.

“மிஸ்…”

“எத்தனை வருஷமா?”

போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள்.

“கேட்கிறேன் இல்லையா?”

“நாலுங்க.”

“என்னிடம் வரும்போது?”

“உங்க காலப் போட்டுட்டு வருவனுங்க. பீரோவுல எடுத்து வெச்சிருந்து…” அழத் தொடங்கினாள். “நீங்க ஒருக்கா பாத்துட்டு ‘அசையலையே’ன்னு சந்தோசப்படுவீங்க. அத எப்படிங்க மிஸ் நான்…”

நாலு வருடம். வருடத்துக்கு இரண்டு. பீரோவில் கிடக்கும் ஒரு காலுக்கு நான் எட்டு முறை வைத்தியம் பார்த்திருக்கிறேன். எண்ணெய் போட்டிருக்கிறேன்.

“அளவெடுக்கிற அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டாமா?”

“ரெண்டு காலுக்கும் அதே ஷூதானுங்களே, ஒண்ணுபோல நிக்கும்னு நெனச்சனுங்க.”

ஷூ ஒன்று. பாதம் திரும்பும் கோணம் வேறு. என் காலில் சாவிபோல் உட்கார்ந்த ஷூ, அந்தக் காலில் மேட்டின் மேல் ஏறி நின்றிருக்கிறது. வளைவு வந்தது, வழுக்கிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு, எழுவதற்கு முன் ஒன்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

“என் கால் வலித்தது என்றால் என்னிடம் சொல்ல வேண்டியதுதானே?”

அவள் கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைத்தாள். “சொன்னனுங்க மிஸ். பத்து வயசுல சொன்னேன். காலேஜ் போறப்ப சொன்னேன். நீங்க செஞ்ச கடைசிக் காலு மாட்டுன அன்னிக்கும் சொன்னேன். ‘பழகிடும்’னீங்க.”

பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் கொடுத்தார்கள். உட்காரவில்லை.

ஜூன் 5, புதன்

சமைக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

முப்பது வருடம். அவள் அம்மா அலுத்துக்கொண்ட நாட்களில் நான் அவளைக் கைப்பிடித்து நடத்தியிருக்கிறேன். நூலகப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான். எல்லாரும் போனார்கள், சொல்லாமல் போனார்கள், அதைப் பொறுத்துக்கொண்டேன். போனவர்கள் வந்தவர்கள்போல் நடித்ததில்லை.

ஜூன் 8, சனி

வளாகத்துக் காவலாளி பலகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஓரத்தில் ஒரு சிராய்ப்பைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. அதை இரண்டாக அறுத்துவிட முடிவு செய்தேன். மூலைமட்டம் வைத்துச் சரிபாதியில் பென்சில் கோடு போட்டேன். பத்தொன்பது அங்குலம். ஜிக்சாவைப் போட்டால் கரண்ட் இல்லை. மூன்று மணிக்குத்தான் வந்தது. அதற்குள் கோடு ஒரு நூல் சாய்ந்திருப்பதைக் கவனித்தேன். அழித்துத் திரும்பப் போட்டேன். பிறகு ரம்பத்தை உறையில் போட்டுவிட்டு, கொட்டகையைப் பூட்டினேன்.

ஜூன் 10, திங்கள்

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஒரு வேன். இறங்கியவனுக்குத் தலை நரைத்து, கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது.

“மேடம், நானுங்க, தண்டபாணி.”

“கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

“உள்ள வரலாமுங்களா?”

“பதினேழு வருஷத்துக்கு முன்னாடி வெளியே போகும்போது கேட்கலையே.”

“கேட்டிருந்தா உட்டிருக்க மாட்டீங்களே மேடம்.”

உள்ளே விட்டேன். கையில் ஒரு துணிப்பை. அதில் வான்மதியின் கால், அதாவது என் கால். “இனி பொய்யா வெச்சுக்க மாட்டேன்னு குடுத்துட்டா” என்றான். மேசையில் வைக்கச் சொன்னேன்.

“அவமேல கோவப்படாதீங்க. நாந்தாங்க சொன்னேன், பழைய காலத் தூக்கிப் போட்டுறாத, மேடத்துகிட்டப் போறப்ப அதப் போட்டுட்டுப் போ, பெரிய மனுசி, தாங்க மாட்டாங்கன்னு.”

“பலகை?”

“அதுக்கும் நாந்தான் உங்ககிட்ட அனுப்பிச்சேன்.”

“‘இன்னொரு கால்’ என்று சொன்னாளே, அது?”

தரையைப் பார்த்தான். “அப்படிச் சொன்னா ஒத்துக்குவீங்கன்னு… அதும் நாந்தானுங்க.”

ஏப்ரல் எட்டாம் தேதிப் பக்கத்தை இப்போதே கிழித்துவிடலாமா என்று இருந்தது. கிழிக்கவில்லை. கிழித்த நாட்குறிப்பு நாட்குறிப்பே அல்ல.

“ஆக, ரெண்டு பேரும் பேசிவைத்து, போரடிக்கும் ஒரு கிழவிக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்திருக்கிறீர்கள்.”

“விளையாட்டாங்க மேடம்?” அவன் குரல் முதல் முறையாக ஏறியது. “நான் மூணு பலகை போட்டனுங்க. மூணும் முறுக்கிக்கிச்சு. வண்டியிலதான் இருக்குது, வந்து பாருங்க!”

பார்த்தேன். மூன்றும் காய்ந்த வாழைமட்டை மாதிரி முறுக்கிக் கிடந்தன.

“எல்லாத் தகட்டிலும் நரம்பு ஒரே பக்கமாக ஓடுகிறதே. ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். முதல் வருஷப் பாடம்.”

“அது துணிக்குத்தானுங்க சொன்னீங்க.”

“மூங்கிலுக்குத் தனி மூளையா வேண்டும்?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. போகும்போது ஒரு தாளை நீட்டினான்: புதிய காலின் அளவுகள், பதின்மூன்று டிகிரி என்று அடிக்கோடிட்டு. மேலதிகாரிகள் வான்மதிக்கு ஜூலை எட்டுவரை அவகாசம் கொடுத்திருக்கிறார்களாம். அதற்குள் இரண்டு கட்டடத்துக்கும் போய்வர முடியாவிட்டால் சத்தியமங்கலம்.

“உன் அளவு எனக்கு வேண்டாம்” என்றேன். “அவளை வரச்சொல். போட்டு நடக்கிற காலோடு.”

ஜூன் 11, செவ்வாய்

காலைப் பையிலிருந்து எடுத்தபோது அடியில் வேறு ஏதோ தட்டுப்பட்டது. ஃபிளானல் துணித் துண்டுகள், நான்கு. பீரோவில் காலோடு ஒட்டிக் கிடந்திருக்க வேண்டும். நகவெட்டிக் கத்தரியால் வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறது. கிண்ணத்துக்குள் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். முன்னெலும்பு படும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கச்சிதமாக உட்கார்ந்தன. நல்ல வேலை. அளவு பிசகவில்லை. என்னிடம் வரும் ஒவ்வொரு முறையும் இவற்றைக் கழற்றி எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த துண்டு பழுப்பாகக் கறை பிடித்து, அட்டைபோல் விறைத்திருந்தது.

பதிவேட்டை எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: தேதி, எடை, கோணம், வலி. வான்மதியின் பக்கங்களில் கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்தில் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. எண்ணினேன், நாற்பத்தேழு.

பிழையைச் சுரண்டக் கூடாது, மையால் மெழுகக் கூடாது என்பார் மதர் ஒத்திலியா. ஒரே கோடு. பழைய எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் திருத்தம், சுருக்கொப்பம். நாற்பத்தேழு கோடுகள் போட்டேன். எதிரே என்ன எழுதுவது? எந்த வருடம் எவ்வளவு வலித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததைத்தான் எழுத முடியும்.

‘கேட்கவில்லை’ என்று எழுதினேன். நாற்பத்தேழு முறை.

இதனால் அவள் செய்தது சரி என்று ஆகிவிடாது.

ஜூன் 15, சனி

வான்மதி வந்தாள், கறுப்புக் காலில். ஆட்டோ இல்லை, பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்தாள். கேட்டுக்கு வெளியே அவள் நடந்து வருவதை ஜன்னல் வழியே பார்த்தேன். நன்றாகத்தான் நடக்கிறாள்.

“மிஸ், நான்…”

“வெயிட் மெஷின்மேல் ஏறு.”

எடை 57.3. கோணத்தை மூன்று முறை எடுத்தேன். பதின்மூன்றரை டிகிரி. பதின்மூன்று என்று எழுதியிருந்தான். தண்டபாணி தண்டபாணிதான்.

கடைசிக் கட்டம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“வலி?”

“இல்லீங்க மிஸ்.”

“அவசரமில்லை. எனக்கு இன்று வேறு வேலை இல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

“சாயங்காலம் ஆச்சுன்னா… முன்னெலும்புல, ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு. எரியுமுங்க.”

“இந்தக் காலிலா?”

“ஆமாங்க.”

“தண்டபாணியிடம் சொன்னாயா?”

“ஐயோ, இல்லீங்க. பாவம், அண்ணன் சங்கடப்படுவாருங்க.”

அவள் சொன்னபடியே எழுதினேன், காசு அகலம் உட்பட. அவள் போனதும் தண்டபாணிக்குப் போன் செய்தேன். பதினேழு வருடத்தில் நான் அவனுக்குச் செய்யும் முதல் போன். “உன் கால் முன்னெலும்பில் இடிக்கிறது” என்றேன். “அவ சொல்லவே இல்லீங்களே மேடம்!” என்றான், அடிபட்ட குரலில். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

பால்சட்டியைத் தேய்க்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 27, வியாழன்

இரண்டாவது பலகை. மழை வந்து வெக்கை குறைந்ததால் ரெசின் நிதானமாக இறுகியது. பதின்மூன்றரை டிகிரி. மேட்டின் உயரத்தையும் குறைத்தேன். வில் பாதம் தானாகவே கொஞ்சம் எழும்பும். முதல் பலகையைவிட நன்றாக வந்திருக்கிறது. சொல்லிக்கொள்ள யாரும் இல்லை.

ஜூலை 8, திங்கள்

போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஏழே முக்காலுக்குப் புடவை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழைய நூலகத்தின் வாசலில் அவள் தலைக்கவசத்தோடு நின்றிருந்தாள். தண்டபாணியும் வந்திருந்தான், தூரத்தில், மரத்துக்குப் பின்னால். மறைகிறானாம், அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு. முன்னெலும்புப் பக்கம் கிண்ணத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டான் என்று வான்மதி சொன்னாள். இப்போது காசு அகலம் இல்லையாம், மிளகு அகலம்தானாம். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஏறினாள். மெல்லப் போனாள். போன மாதம் விழுந்த வளைவில் உடம்பைச் சாய்த்தாள். திரும்பினாள். நேராக நிமிர்ந்து, புதிய கட்டடத்தின் வாசலில் போய் நின்றாள். அங்கிருந்து கையை உயர்த்திக் காட்டினாள். கட்டுப் பிரித்த கை. பிறகு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வேலை நேரம்.

ஆறாவது நடையும் முடித்துவிட்டாள் என்று ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. சத்தியமங்கலம் இல்லை.

“மிஸ், ஜனவரியில செக்கப்புக்கு வரட்டுங்களா? பலகைக்கு?”

“உன் இஷ்டம்” என்றேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்தேன். இனி அவள் வரும்போது உண்மையாகவே வருகிறாளா, ஒரு கிழவியின் சந்தோஷத்துக்காகப் பலகையைப் பீரோவிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வருகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருடத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. இனி அவள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வரும். கேள்வி இல்லாமல் பார்த்த அந்தப் பார்வையைத்தான் அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வழி இருக்கிறது. ஜனவரியில் வரட்டும். வாசலிலேயே நிறுத்தி, அவள் வாயைத் திறப்பதற்கு முன், பலகையைக் கவிழ்த்துச் சக்கரத்தின் தேய்மானத்தைப் பார்ப்பேன். இந்த முறை ரப்பரைக் குறை சொல்ல மாட்டேன்.